‘பாத்துக்கலாம்’ என்றால் யார் பார்ப்பது?

ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ரேணுகா கூப்பிட்டிருந்தாள். நான் பார்த்த திட்ட மேலாளர் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். காணொளிக் கூட்டங்களில் யார் எந்த மொழியில் பேசினாலும் திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடுகிறதாம்.

"இனிமே லேங்குவேஜ் ப்ராப்ளமே இல்ல ஸ்டெல்லாக்கா. அவங்க வியட்நாமீஸ்ல பேசறாங்க, எனக்கு இங்கிலீஷ்ல வருது லா. புதுசா சேர்ந்த பிள்ளைங்க படிக்கிற மாதிரி உங்க அனுபவம் ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்," என்றாள். பேச்சில் ஒரு ‘லா’ சேர்க்காமல் சிங்கப்பூரில் யாருக்கும் வராது.

நல்ல வசதிதான். என் காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ தலைவலி மிச்சமாகியிருக்கும். ஆனால் என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தவறு, தெரியாத மொழியால் வந்ததில்லை. பிறந்ததிலிருந்து பேசிவரும் தமிழில், அன்றாடம் நூறு முறை சொல்லும் ஒரு சொல்லில் வந்தது. ஒரு மனிதரின் கால் அதில் முறிந்தது. எழுதச் சொன்னால் அதைத்தான் எழுத முடியும்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு இங்கே தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் போடும் பிரிவில் சேர்ந்தேன். தொழிற்சாலைகளுக்குள் ஓடும் குழாய்களை வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். பத்து வருடம் வரைபட மேசை, பிறகு கணினி. வெளிநாட்டு ஆட்களோடு தொலைபேசியில் பேச யாரும் விரும்பாத காலம் அது. எனக்குப் பேசப் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு அழைப்பாக என் மேசைக்கு வந்து, கடைசியில் நான் திட்ட ஒருங்கிணைப்பாளர் ஆனேன். படித்து வாங்கிய பதவி என்று சொல்ல முடியாது.

என் மேலதிகாரி திரு கோ. ஒல்லியான சீனர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பென்சில். அவர் எங்களிடம் பேசியது ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரிடமும் "புரிந்ததா?" என்று கேட்க மாட்டார். எங்களையும் கேட்க விட மாட்டார். கூட்டத்தில் யாராவது "யெஸ், யெஸ்" என்றால் அவர் பென்சில் அசையாது. "திங்கட்கிழமை அந்தக் குழாயின் நீளத்தை மறுபடி அளப்பேன்" என்று சொன்னால்தான் அசையும். ‘யெஸ்’ என்ற சொல்லை அவர் குறிப்பேட்டில் எழுதி நான் பார்த்ததில்லை.

அதன் காரணம் பாங்காக் விஷயத்தில்தான் எனக்கு விளங்கியது.

அப்போது எங்களுக்கு வேலை கொடுத்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின், டச்சுக்காரர். உயரமான ஆள், மனதில் பட்டதை அப்படியே சொல்வார், சொன்னதை அடுத்த நிமிடமே மறந்துவிட்டுச் சிரிப்பார். வரைபடங்களில் ஒரு பகுதியைப் பாங்காக்கில் ஒரு குழு போட்டுத் தந்தது. நொய் என்ற பெண்மணி அதன் தலைவி. ஒரு காணொளிக் கூட்டத்தில் மார்ட்டின், "இந்த டிராயிங் மோசம். மறுபடி போடுங்க," என்றார். நொய் புன்னகைத்து, "யெஸ், மார்ட்டின்," என்றார். கூட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் பாங்காக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் நினைவூட்டல் அனுப்பினால், ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு வரி வரும். மார்ட்டின் என்னைத் துளைத்தெடுத்தார். கோவிடம் போனேன்.

"நீ நேர்ல போ. டிராயிங்கப் பத்திக் கேட்காத. மத்தியானம் அவங்களோட சாப்பிடு," என்றார்.

"சாப்பிடறதுக்கா ஃப்ளைட் டிக்கெட்?"

"சாப்பிட்டுட்டுச் சொல்லு லா."

போனேன். அன்று மதியம் நொய்யும் ஐந்து பேரும் நானும் ஒரு தெருக்கடையில் மீன் சாப்பிட்டோம். அவர்கள் எல்லோருடைய கண்களும் சிவந்திருந்தன. தூங்காத கண்கள். திரும்பி வந்தபோது நொய் தானாகவே ஒரு கட்டு வரைபடங்களை என் முன்னால் வைத்தார். அறுபத்துச் சொச்சம் தாள். முழுத் தொகுப்பையும் அடியிலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருந்தார்கள். மார்ட்டின் சொன்னது அன்றைக்குத் திரையில் இருந்த ஒரே ஒரு தாளை. எந்தத் தாள் என்று அவர் சொல்லவில்லை. எந்தத் தாள் என்று இவர்கள் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் மோசம் என்று சொன்னவரிடம் மேலே ஒரு கேள்வி கேட்பது, அவரை எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடுமாம். அந்த யெஸ்ஸுக்கு, ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை.

சிங்கப்பூர் திரும்பியதும் கோ ஒரு நடைமுறை கொண்டு வந்தார். எந்த அழைப்பானாலும் கடைசி ஐந்து நிமிடம் அவருடையது. ஒவ்வொரு குழுவிடமும் ஒரே கேள்வி: "நாளைக்குக் காலையில உங்க முதல் வேலை என்ன?" அவரவர் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதை அவர்களே எழுதி, அன்று மாலைக்குள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். நாங்கள் எழுதி அவர்கள் தலையாட்டுவது கிடையாது. இதற்குத் ‘திருப்பிச் சொல்லல்’ என்று பெயர். மார்ட்டின் முதலில், "நாம என்ன பள்ளிக்கூடப் பிள்ளைங்களா?" என்றார். முதல் வாரமே மூன்று குழப்பங்கள் அதில் மாட்டின. பிறகு அவரே கோவை முந்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்.

நான் திட்ட மேலாளரான பிறகு ஜப்பானியர், கொரியர், வியட்நாமியர் என்று எத்தனையோ குழுக்களோடு வேலை பார்த்தேன். ஒரு அழைப்பில்கூட அந்த ஐந்து நிமிடத்தை விட்டதில்லை. சென்னைக் குழு வரும்வரை.

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் ஒரு தொழிற்சாலை. குளிர்நீர்க் குழாய்கள் கூரைக்கடியில் இரும்புக் கம்பிகளில் தொங்கும். எந்த இடத்தில் எத்தனை கம்பி, எவ்வளவு தடிமன் என்று கணக்குப் போட்டு வரைபடம் தருவது எங்கள் சென்னைக் கிளையின் பொறுப்பு. அந்தக் கணக்கைப் போட்டவள் சுதா. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். படு கெட்டிக்காரி. அவள் அனுப்பும் கணக்கில் ஒரு புள்ளி பிசகாது. வாடிக்கையாளர் பக்கம் மறுபடியும் மார்ட்டின்தான்.

முதல் அழைப்பிலேயே சுதாவிடம் தமிழில் பேசினேன். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு வாக்கியத்தையும் எடை போட்டுப் பேசிப் பேசி அலுத்திருந்தேன். இங்கே அந்த அவசியம் இல்லை என்று நினைத்தேன். சாப்பாடு, மழை, அவள் அம்மாவின் மூட்டுவலி எல்லாம் பேசுவோம். சில வாரங்களில் அவளை ‘சுதாம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். கடைசி ஐந்து நிமிடக் கேள்வியை அவளிடம் கேட்டதே இல்லை. நமக்குள்ளே என்ன அது, என்று இருந்துவிட்டேன்.

திட்டத்தின் நடுவில் மார்ட்டின் ஒரு வால்வை மாற்றச் சொன்னார். பெரிய வால்வு. அதன் எடையை உற்பத்தியாளர் இன்னும் உறுதி செய்யவில்லை. ஆனால் தொங்கு கம்பிகளைச் செய்து தரும் பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கிய வாரம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் போகாவிட்டால் அடுத்த இடம் ஒரு மாதம் கழித்துத்தான். சுதாவைக் கூப்பிட்டேன். அந்த உரையாடல் எனக்கு மனப்பாடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"மேடம், வால்வு வெயிட் இன்னும் வரல மேடம்."

"தெரியும்மா. பழைய வெயிட்ட வெச்சே போட்டு அனுப்பிடு. புதுசு வந்ததும் மாத்திக்கலாம்."

"இல்ல மேடம், புது வால்வு கொஞ்சம் ஹெவியா இருக்கும்னு..."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நீ அனுப்பு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க மேடம். பாத்துக்கலாம் மேடம்."

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரைபடம் வந்தது. பட்டறைக்குப் போனது.

எட்டு நாள் கழித்து உற்பத்தியாளரின் மின்னஞ்சல் வந்தது. புது வால்வின் எடை பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்று வேலை முடிந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும் நேரத்தில் கைப்பேசியில் அதைப் படித்தேன். பெறுநர் பட்டியல் நீளமாக இருந்தது. சுதாவுக்கும் போயிருக்கும், பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எடை வந்ததும் மேடம் சொல்வார், பார்த்துக்கொள்வார் என்று அவள் அங்கே காத்திருந்தாள். பிறகு அவளுக்கு வேறு வேலைகள் வந்தன. எனக்கும் வந்தன.

குழாய்கள் தொங்கவிடப்பட்டன. புது வால்வும் ஏறியது. கசிவு பார்ப்பதற்காகத் தண்ணீர் நிரப்பிய காலையில், பத்து மணி வாக்கில், ஒரு தொங்கு கம்பி அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. குழாயின் ஒரு முனை கீழே இறங்கியது. அதற்குக் கீழ் மேடையில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் ஜமால் என்ற பங்களாதேஷ்காரர். குழாய்க்கும் மேடையின் தடுப்புக்கும் நடுவில் அவருடைய இடது கால் சிக்கியது. இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. தலை ஒரு முழம் தள்ளியிருந்ததால் உயிர் தப்பியது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். போவதற்கு முன் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னிடம், "நலம் விசாரிங்க. எப்படி நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை பேசாதீங்க," என்று சொல்லியிருந்தார். ஜமாலுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ்நாட்டு ஆட்களோடு ஏழு வருடம் வேலை பார்த்ததில் அவருக்கு வேலைத்தளத் தமிழ் நன்றாக வரும்.

"மேடம், வொர்க் பர்மிட் கேன்சல் ஆயிடுமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஆகாது. சிகிச்சை முடியிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. நான் கேட்டுட்டுத்தான் வந்தேன்," என்றேன். அது உண்மை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொண்டுபோன ஆரஞ்சுகளை மேசையில் வைத்தேன். அதற்கு மேல் அனுமதி இல்லை.

அரசாங்க விசாரணை தனியாக நடந்தது. எங்கள் நிறுவனமும் வாடிக்கையாளரும் சேர்ந்து நடத்திய உள்விசாரணை மூன்றாவது வாரம் கூடியது. அறையில் அப்போது இயக்குநராகியிருந்த கோ, மார்ட்டின், பாதுகாப்பு அதிகாரி ஒருவர், நான். திரையில் சென்னைக் கிளையின் மேலாளர். சுதாவை அழைக்கவில்லை. அவளைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். நானும் சுதாவும் பேசிய பதிவை வெளியே ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு தாள். நானும் வாசித்தேன். ஆங்கிலத்தில் அது அழகாகத்தான் இருந்தது. சுதாவின் கடைசி வரி, ‘சரி, மேடம். அதை நான் கவனித்துக்கொள்கிறேன், மேடம்’ என்ற பொருளில் தெளிவாக இருந்தது.

சென்னை மேலாளர் பேசினார். "அவங்களே பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க. ஆனா ஃபாலோ பண்ணல. நாங்க நடவடிக்கை எடுத்துடறோம்."

பாதுகாப்பு அதிகாரி குறித்துக்கொண்டார். மார்ட்டின் தாளில் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க ஸ்டெல்லா ஏன் அந்தப் பொண்ண அம்மான்னு கூப்பிடறாங்க?" என்றார். ‘ஒண்ணும் ஆகாதும்மா’ என்பதை மொழிபெயர்த்தவர் ‘ஒன்றும் ஆகாது, அம்மா’ என்று எழுதியிருந்தார். யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நானும், திரையில் இருந்த மேலாளரும். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை. நான் பேசாமல் இருந்தால் போதும். பொய் சொல்லத் தேவையில்லை. தாளில் இருப்பதும் ஒரு வகையில் சரியான மொழிபெயர்ப்புதான். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. சுவா சூ காங் வட்டாரத்தில் வாங்கிய வீட்டின் கடன் முடிய இன்னும் சில வருடம் இருந்தது. கணவர் வேலையை விட்டிருந்தார். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"பதிவை ஒரு தடவை போடுங்க," என்றேன்.

போட்டார்கள். என் குரலை நானே கேட்பது கொடுமையாக இருந்தது. அவ்வளவு பாசமான குரல். நான் சொன்னதும் வந்த அந்த மௌனத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"இது தாள்ல இல்ல," என்றேன். "அவ முடியாதுன்னு சொன்ன இடம் இது."

மார்ட்டின் நிமிர்ந்தார். "அவங்க எதுவுமே சொல்லலையே."

"சொல்ல வழியில்ல மார்ட்டின். அந்த ‘அம்மா’, பெரியவங்க சின்னவங்கள பாசமாக் கூப்பிடறது. நான் அவள வீட்டுப் பிள்ளை ஆக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ எனக்கு இன்ஜினியர் இல்ல. அம்மான்னு கூப்பிட்டு ஒரு வேலை சொன்னா, எங்க ஊர்ப் பொண்ணு மறுத்துப் பேச மாட்டா."

"ஆனா, கடைசியில, தான் கவனிச்சுக்கறேன்னு சொல்றாங்க."

"‘தான்’ங்கிறது அந்தச் சொல்லுல இல்ல. ‘பாத்துக்கலாம்’. அதுல நானும் இல்ல, நீயும் இல்ல, நாமும் இல்ல. இங்கிலீஷ்ல எழுதணும்னா யாரையாவது போட்டே ஆகணும். அதனால மொழிபெயர்த்தவர் அவளைப் போட்டுட்டார். அவர் தப்பு இல்ல."

"அப்ப யார்தான் கவனிக்கணும்?" மார்ட்டினின் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"அத அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். கேட்கல. வெயிட் வந்த மெயிலும் எனக்குத்தான் வந்துச்சு. அவளுக்கு வரல. நான் அனுப்பல."

சென்னை மேலாளர் திரையில் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கோ மட்டும் என்னையே பார்த்தார்.

"திருப்பிச் சொல்லல் எடுத்தியா?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

"தமிழ்ல பேசினோம். அதான்."

அவர் பென்சிலால் எதையோ எழுதினார். இரண்டே வரிதான் இருக்கும். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மாலையே முடிவு வந்தது. எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. திட்டம் என் கையை விட்டுப் போனது. ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். சுதாவை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். கோ இதைத் தன் அறையில் உட்கார வைத்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஆறுதல் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. நான் எழுந்து லிஃப்ட் வரை போனதும் பின்னாலேயே வந்து கதவைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"வெளியாளுங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். சொந்த ஆளுங்ககிட்ட எப்படின்னு எனக்கே தெரியாது லா," என்றார். "என் அண்ணனோட நான் பேசிப் பத்து வருஷம் ஆச்சு. சண்டை ஹொக்கியன்லதான் நடந்துச்சு. ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரிஞ்ச பாஷை."

இருபது வருடத்தில் அவர் வீட்டு விஷயம் பேசியது அந்த ஒரு முறைதான்.

இரண்டு நாள் கழித்துச் சுதா கூப்பிட்டாள்.

"நீங்க பேசினத சொன்னாங்க மேடம். தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் எல்லாம் வேணாம் சுதா. தப்பு என்னுது."

"ஆமா மேடம்." பிறகு வேகமாகச் சொன்னாள். "நீங்க இங்கிலீஷ்ல பேசியிருந்தீங்கன்னா, வெயிட் இல்லாம இஷ்யூ பண்ண முடியாதுன்னு ஒரு மெயில் போட்டிருப்பேன். மத்த ப்ராஜெக்ட்ல அப்படித்தான் போடுவேன், யாரா இருந்தாலும். உங்ககிட்ட எப்படி மேடம் போடறது? எங்கம்மாவுக்கு மூட்டுவலிக்கு எண்ணெய் அனுப்பி வெச்சீங்க."

அந்த எண்ணெயைத் தேக்காவில் ஒரு கடையில் தேடி வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். நல்ல மனதோடு செய்ததுதான். அதுவே அவள் வாயை அடைத்திருக்கிறது.

ஆவணப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு ஆள் பற்றாக்குறையில் மறுபடி திட்டங்கள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் சுதா வந்தாள், அப்போது அவள் குழுத் தலைவி. தமிழில்தான் பேசினோம், அவள் விருப்பம் அது. ஆனால் ‘சுதாம்மா’ இல்லை. சுதா, நீங்க. முதலில் வாய்க்குக் கூச்சமாக இருந்தது, பழகிவிட்டது. ஒரு நாள் மறுபடியும் அவசரம், மறுபடியும் ஒரு தகவல் பாக்கி. அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "இல்ல மேடம். அனுப்ப மாட்டேன்," என்றாள். நான் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நான்கு நாள் தாமதம் என்று சொல்லி, அவர் சத்தம் போட்டதைக் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். அந்த வாரத்தை நான் மிகவும் நிம்மதியாக வேலை பார்த்த வாரங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

ஜமாலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விபத்து நடந்து ஆறு மாதம் கழித்து, அவர் ஊருக்குப் போகப் போவதாகக் கேள்விப்பட்டேன். கால் கூடிவிட்டது, ஆனால் உயரத்தில் ஏறும் வேலை இனி முடியாது. இழப்பீட்டுத் தாள்கள் முடிந்துவிட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தேக்காவுக்குப் போனேன். அங்கே பங்களாதேஷ் ஆட்கள் கூடும் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். தெருவில் கால் வைக்க இடமில்லை. உள்ளே ஓர் ஓர மேசையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழப் பார்த்தார். வேண்டாமென்று கையமர்த்தினேன்.

தேநீர் வந்தது. வழக்கறிஞர் சொன்னது இன்னும் காதில் இருந்தது. இரவெல்லாம் எந்தச் சொற்களில் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவருக்கு எவ்வளவு தமிழ் புரியும், ஆங்கிலம் சேர்க்கலாமா, காரணத்தை விளக்கலாமா என்றெல்லாம். கடைசியில் எல்லாம் போய் மூன்று சொல்தான் வந்தது.

"என் தப்பு, ஜமால்."

அவர் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மேடம்," என்றார். "சைட்ல எல்லாம் பேசிட்டாங்க. கம்பெனி ஆளு நெறைய வந்தான். பேப்பர் கொண்டு வந்தான், பழம் கொண்டு வந்தான். எல்லாம் கால் எப்படின்னு கேட்டான். நான் பாத்துட்டே இருந்தேன், யாரு வந்து இத சொல்லும்னு. ஆறு மாசம்."

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மன்னிப்பதாகவும் அவர் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து ஊருக்கு அழைத்தார். வங்காளத்தில் கொஞ்சம் பேசினார். ‘மேடம்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"என் வைஃப்," என்றார்.

காதில் வைத்தேன். ஒரு பெண்ணின் குரல். நான் ‘ஹலோ’ என்றதும் ஆரம்பித்தாள். வேகமான பேச்சு, நடுநடுவே மூச்சு வாங்கியது, ஓரிடத்தில் உடைந்தது, மறுபடி உயர்ந்தது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஜமாலைப் பார்த்தேன்.

"திட்டுது மேடம்," என்றார் அவர். "முடிக்கட்டும்."

அவள் முடிக்கும் வரை நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.